ஹெரால்டு பானெட் ஏன் துள்ளுகிறது?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டை இப்போது நான் ஓட்டுகிறேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் தொந்தரவில்லை. ஊருக்குள் வேகத்தடை ஏறி இறங்கினால் இடது பக்கக் கொண்டி கழன்று பானெட் துள்ளுகிறது. புதுக் கொண்டி போட்டும் அதே கதைதான். ஷூ கம்பெனியில் மிஞ்சும் அடித்தோல் துண்டை உள்ளே வைத்து இறுக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா ஐயா?
— வாசகர், ஆம்பூர்

பதில்: வேண்டாம். புதுக் கொண்டியும் கழல்கிறது என்றால் குற்றம் கொண்டியில் இல்லை.

அம்பாசடரில் பானெட் என்பது ஒரு மூடி. கண்ணாடிப் பக்கம் கீல், மூக்குப் பக்கம் லாக். 1961 முதல் சென்னையில் தயாரான ஹெரால்டு வேறு ஜாதி. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த முன்பாதி முழுவதும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். கீல் மூக்கில் இருப்பதால் ஓடும்போது காற்று அதை அமுக்கவே செய்யும். அம்பாசடர் மாதிரி எகிறிக் கண்ணாடியை மறைக்காது. நெடுஞ்சாலையில் நீங்கள் தப்பித்து வருவது அதனால்தான். ஆனால் துள்ளும் ஒவ்வொரு முறையும் அதன் பின்விளிம்பு கதவில் இடித்து பெயின்டைப் பெயர்க்கும்.

இங்கேதான் சூட்சுமம். பானெட்டின் கீல் நிற்பது சேஸிஸில். கொண்டி மாட்டும் தகடு இருப்பது பாடியில். இந்த வண்டியில் இரண்டும் தனித்தனி, போல்ட் போட்டு இணைத்தவை. பாடி கொஞ்சம் இறங்கினாலும் கொண்டிக்கும் தகட்டுக்கும் பொருத்தம் போய்விடும்.

முதலில் எளிதானதைப் பாருங்கள். பானெட்டைக் கவிழ்த்தால் பாடியின் இரு பக்கமும் கூம்பு வடிவ ரப்பர் தெரியும். பானெட் உட்கார்வது அதன் மேல்தான். அது முட்டிக்கொண்டு நின்றால்தான் கொண்டி விறைப்பாகப் பிடிக்கும். கூம்பில் சாக்பீஸ் தடவி, மூடித் திறங்கள். வலது பக்கம் பானெட்டில் வெள்ளை ஒட்டி, இடது பக்கம் ஒட்டவில்லையா? ரப்பர் இறுகித் தேய்ந்துவிட்டது. வேலூர் வெயிலை ஐம்பது வருஷம் தாங்கிய ரப்பரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? மாற்றுங்கள். பிறகு பூட்டு நட்டைத் தளர்த்தி, கூம்பை அரைச் சுற்று, அரைச் சுற்றாக வெளியே திருப்பி, கொண்டியை அழுத்திப் பாருங்கள். கை கொஞ்சம் பலம் கொடுத்தபின் 'டக்' என்று விழுந்தால் சரி.

அப்படியும் நிற்காவிட்டால் கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றால் பாடி சாய்ந்திருக்கிறது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத் துரு தின்றிருக்கலாம், அவற்றின் மேலுள்ள ரப்பர் அட்டைகள் நசுங்கியிருக்கலாம். அது வெல்டிங், டிங்கரிங் வேலை. அதை முடிக்காமல் பானெட்டில் கை வைப்பது வீண் செலவு.

இனி தோல். பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் இரும்பு பட்டால் கறுக்கும் என்பதை ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதே வினை இரும்பின் பக்கமும் நடக்கிறது: மழையில் நனைந்த தோலிலிருக்கும் டானின் தகட்டை அரிக்கும். குரோம் போட்டுப் பதனிட்ட தோலும் யோக்கியமில்லை, அதில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, நசுங்கிய தோல் ரப்பர் போல மீண்டு எழாது. மறுபடி கொண்டி தளரும்.

பழைய பந்தய பென்ட்லிகளின் பானெட்டை இறுக்கிப் பிடித்தது தோல் வார்தான். ஆனால் அது வெளியே கட்டுவது, நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிடும். உங்கள் வண்டியில் அதற்காக ஓட்டை போட வேண்டாம்.

கூம்பு ரப்பர் உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னைப் புதுப்பேட்டையில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். உங்கள் வண்டிக்கு மூலமான டிரையம்ப் ஹெரால்டுக்கு அங்கே இன்றும் உதிரி பாகம் விற்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். வலது பக்கத்து ரப்பருக்கும் அதே வயதுதான்.