பச்சிலை இருந்தால் போதுமா?

"காணிக்காரப் பெண்களுக்கு நோய் அண்டாது, காட்டு மூலிகை இருக்கிறதே." தென் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் காதில் விழும் பேச்சு இது. இதற்குக் காரணமும் உண்டு. 1987-ல் அகத்தியமலையில் ஆய்வாளர்கள் களைத்துப்போனபோது, வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் தாங்கள் தின்ற காயை அவர்களுக்கும் கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என முடிவானது. பெரிய அறிவுதான். ஆனால் களைப்பைப் போக்கும் காய் ரத்தசோகையைத் தீர்க்காது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 57 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை. பழங்குடிப் பெண்களில் 64.6 சதவீதம்.

"மூடநம்பிக்கை, அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை" என்கிறார்கள். இதைக் கேட்டால் கோபம் வருகிறது. பாறசாலைத் தொகுதியைச் சேர்ந்த அம்பூரியில், நெய்யாறு நீர்த்தேக்கத்துக்கு அப்பால் காணிக் குடியிருப்புகள் உள்ளன. பல பத்தாண்டுகளாகக் கும்பிச்சல் கடவுத் தோணிதான் அவர்களுக்கு வழியாக இருந்தது. மாதமான பெண் ஒருத்தி மூத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையிறங்கி, தோணிக்குக் காத்திருந்து, வெள்ளறடைக்கு பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிச் சீட்டு வரிசையில் நின்று திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அன்றைய கூலி போயிற்று. கையில் இரும்புச்சத்து மாத்திரை இருக்கும், ராத்திரி உலைக்கு அரிசி இருக்காது. இதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது?

கேரளம் முழுக்க ஒரே மருத்துவ வசதி என்ற பெருமையும் பாதி உண்மைதான். 2013-ல் பழங்குடிப் பகுதியான அட்டப்பாடியில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். தாய்மார்களின் சத்துக்குறைவு அப்போதுதான் பேச்சானது. வயநாட்டின் கோட்டத்தறை ஊராட்சியில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், முற்பட்ட சாதியினரைவிட ஏறக்குறைய இரு மடங்கு விகிதத்தில் பழங்குடியினர் எடை குறைந்திருந்தார்கள். பழங்குடிகளுக்குள்ளும், தலைமுறைகளாக அடுத்தவர் வயலில் அடிமை வேலை செய்த பணியர்களின் நிலை இன்னும் மோசம். வாழ்ந்தது ஒரே ஊரில்தான். நிலமும் கூலியும் மதிப்பும் வேறு.

கேரள அரசின் 'ஜனனி ஜன்ம ரக்ஷா' திட்டம் பழங்குடித் தாய்க்குக் கர்ப்ப காலத்திலேயே மாத உதவித்தொகை தொடங்கி, குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை தருகிறது. தொகை தள்ளிப்போனால் அவள் நிறைமாதத்திலும் கூலிக்குப் போவாள். உங்கள் ஊரில் அப்படி ஒருத்தி இருந்தால், இந்த மாதப் பணம் வந்ததா என்று பழங்குடி நலத் துறைக் களப்பணியாளரான எஸ்.டி. புரமோட்டரிடம் கேளுங்கள்.