பங்கில் லாபம் வந்தாச்சு. கையில் நிற்பது எவ்வளவு?

"10 வருஷத்துல பணம் மூணு மடங்கு ஆயிடுச்சு!" என்று கைபேசிச் செயலியைக் காட்டி மகிழ்பவரா நீங்கள்? அந்தத் தொகையில் வரிக்கும் விலைவாசிக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கழித்துப் பார்ப்போம்.

வரி

தி.நகரில் வசிக்கும் ஒருவர் பங்குசார் மியூச்சுவல் ஃபண்டில் ரூ.5 லட்சம் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12% வளர்ந்தால், 10 ஆண்டில் அது ரூ.15.53 லட்சம். (இது கணக்குக்காக மட்டுமே, சந்தையில் உத்தரவாதம் கிடையாது.)

ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், நிதியாண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. மீதி லாபத்துக்கு 12.5% வரி, அந்த வரியின் மேல் 4% செஸ். 23.7.2024 முதல் இதுதான் விகிதம். இவர் கட்ட வேண்டியது சுமார் ரூ.1.21 லட்சம். கைக்கு வருவது ரூ.14.32 லட்சம்.

விலைவாசி

மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டில் ரூ.500-க்கு வாங்கும் காய்கறி, ஆண்டுக்கு 5% விலை ஏறினால் 10 ஆண்டில் ரூ.814 ஆகிவிடும். அதே கணக்கில், ரூ.14.32 லட்சத்தின் வாங்கும் சக்தி பணம் போட்ட நாளின் ரூ.8.79 லட்சம்தான். ஆக, 12% என்று தெரிந்த வளர்ச்சி உண்மையில் சுமார் 5.8%.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடையாறில் 23.7.2024-க்கு முன் வீடு வாங்கியவர் அதை விற்கும்போது, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டி, லாபத்துக்கு 20% வரி கணக்கிடும் வழி உண்டு. பங்குகளுக்கு அந்த வழி இல்லை. விலைவாசியால் கூடிய தொகையும் லாபமாகவே எண்ணப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மொத்தமாக விற்காமல், மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று விற்றால் இரண்டு நிதியாண்டின் விலக்கும் கிடைக்கும். மேலே சொன்னவருக்கு இதில் ரூ.16,250 மிச்சம். ஆனால் இடையில் சந்தை இறங்கவும் வாய்ப்புண்டு.

• "12 லட்சம் வரைக்கும் வரியே இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள். புதிய வரி முறையின் அந்தத் தள்ளுபடி இந்த லாபத்தின் மீதான வரிக்குப் பொருந்தாது.

• வருமான வரி இணையதளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, விற்பனை விவரம் சரியா என்று பார்த்த பிறகே கணக்குத் தாக்கல் செய்யுங்கள்.

பிள்ளையின் படிப்புக்கோ ஓய்வுக் காலத்துக்கோ இலக்கு வைக்கும்போது, வரியும் விலைவாசியும் போக மிஞ்சும் தொகையையே கணக்கில் கொள்ளுங்கள்.