தண்டயல் முதலில் போடட்டும்

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்தது. அதன் வாயை மணல் மூடுவது தீராத தலைவலி. மணல் மேடேறிய இடத்தில் அலை உடையும், படகு கவிழ அது போதும். வாயைத் தாண்டும்வரையாவது எல்லோரும் உயிர்காப்பு அங்கி போடுங்கள். படகை நடத்தும் தண்டயல் போடாமல் பொடியன்மார் போடமாட்டார்கள். பட்டி அறுந்த அங்கி அணியத்தில் கிடந்து என்ன பயன்? மாதம் ஒருமுறை கிளிப்பை இழுத்துப் பாருங்கள்.

“எனக்கு நீந்தத் தெரியும்” என்பாரிடம், எஞ்சின் மண்டையில் தட்டி மயங்கினால் யார் நீந்துவது என்று கேளுங்கள்.

அங்கி மட்டும் போதாது: படகில் வழுக்கி விழப் பார்த்தேன் என்று வந்து சொல்பவனை முதலாளி ஏசக்கூடாது. ஏசினால் அடுத்தமுறை மறைப்பான்.

சுபஹுக்குப் பிறகு, தேநீரோடு காற்று நிலவரத்தையும் பேசிவிடுங்கள். அவசரத்துக்கு இடர் முகாமைத்துவ நிலையம்: 117.