கொடி பிடித்தவன் எங்கே, மக்களே?

மக்களே,

நீ அனுப்பிய இதழ் கிடைத்தது. 'வேகத்தின் பலிபீடம்' கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கோபத்தில் பாதியைத் தாண்டிப் போய்விட்டேன், அதனால்தான் இரண்டாம் தடவை. தலைப்பு உன்னுடையதா ஆசிரியர் வைத்ததா என்று தெரியாது. உன்னுடையது என்றால் அடுத்த முறை வைக்காதே.

உன் கார்ப் பந்தயக் கட்டுரையில் ஓட்டுநர்கள் ராட்சன்பெர்கர் இறக்கிறார், சென்னா இறக்கிறார், பியாங்கி இறக்கிறார், நம்ம இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் கே.இ. குமார் இறக்கிறார். நாலு இடத்திலும் தடத்தோரத்தில் ஒரு மனுசனைக் காணோம். கொடி தானாக அசைகிறது, தீ தானாக அணைகிறது. கவிழ்ந்த காருக்குள் இருந்தவர் அடுத்த வரியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தூக்கியது யார்? கழுத்தைப் பிடித்துக்கொண்டது யார்? பின்னால் வந்துகொண்டிருந்த கார்களை நிறுத்தியது யார்? நாலு மரணத்தை எழுதிய ஒருவனுக்கு இந்தக் கேள்வி ஒரு இடத்திலாவது வந்திருக்க வேண்டாமா?

குமார் பகுதியில் 'எமன் அந்த வளைவில் காத்திருந்தான்' என்று எழுதியிருக்கிறாய். எமன் காத்திருக்கவில்லை. 2023 ஜனவரி 8, தேசிய கார் பந்தயம். அவருடைய கார் இன்னொரு காரோடு உரசி, தடத்தை விட்டு விலகி, வேலியில் மோதிக் கவிழ்ந்தது. உடனே சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். ஆளை வெளியே எடுத்து, தடத்திலேயே இருக்கும் மருத்துவ மையத்துக்கும் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். காப்பாற்ற முடியவில்லை. வயது 59. இதில் ஒவ்வொன்றும் ஒரு மனிதன் செய்த காரியம், அல்லது ஒரு மனிதன் கட்டிவைத்த பொருள். எமன் என்று எழுதிவிட்டால் வேலியைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது, கேட்டியா? இன்னொன்று. உன் கட்டுரை திறந்த சக்கரக் கார்களைப் பற்றியது. குமார் அன்று ஓட்டியது கூரை போட்ட சலூன் கார். அவரைச் சேர்த்தது தப்பில்லை, நம் ஊர்க் கதை வேண்டும்தான். ஆனால் வாசகனுக்கு அதை ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

ராட்சன்பெர்கருக்கு நீ கொடுத்தது ஒரே வரி. மறுநாள் சென்னா இறந்ததற்கு முன்னுரை மாதிரி அவரை வைத்துவிட்டாய். 1994 ஏப்ரல் 30, இமோலா, தகுதிச் சுற்று. முந்தின சுற்றில் கார் ஓரக்கட்டையில் ஏறி இறங்கியதில் முன்இறக்கை அடிபட்டது. அவர் பிட்டுக்குத் திரும்பாமல் இன்னொரு சுற்றுக்குப் போனார். அந்தச் சுற்றில், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது, இறக்கை பிய்ந்து போயிற்று. முன்இறக்கை போனால் அந்தக் காரைத் திருப்ப முடியாது, நேராகச் சுவருக்குத்தான் போகும். இவ்வளவும் உனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்ததை எழுதாமல், டம்புரெல்லோ வளைவுக்குள் நுழையும்போது சென்னாவின் மனசில் என்ன ஓடியது என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறாய். அம்மா முகம் வந்ததாம். யார் சொன்னது? செத்துப்போனவனின் தலைக்குள் புகுந்து உட்கார எந்த எழுத்துக்காரனுக்கும் உரிமை கிடையாது. அது அவன் குடும்பத்துக்குச் செய்கிற அநியாயம். சென்னாவின் காருக்குள் மடித்து வைத்த ஆஸ்திரியக் கொடி ஒன்று கிடைத்தது. ராட்சன்பெர்கருக்காக அதைக் காட்ட நினைத்திருந்தார். அவர் மனசைச் சொல்ல அது ஒன்று போதாதா?

பியாங்கிக்கு வருகிறேன். 2014 அக்டோபர் 5, சுசுகா, மழை. முந்தின சுற்றில் அதே இடத்தில் சூட்டிலின் கார் வழுக்கி வெளியே போயிருந்தது. அதைத் தூக்க கிரேன் வண்டி உள்ளே வந்தது. இரட்டை மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. பியாங்கி போதுமான அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. இதில் எதையும் நீ விட்டுவிடவில்லை. ஆனால் அந்தக் கிரேனைச் சுற்றி மார்ஷல்கள், நான் கேட்ட அந்தத் தடத்தோர மனுசர்கள், நின்றுகொண்டிருந்தார்களே, அவர்களை விட்டுவிட்டாய். கார் கொஞ்சம் விலகி வந்திருந்தால் அவர்களில் யாராவது போயிருப்பார்கள். மறு வருஷம் வர்ச்சுவல் சேஃப்டி கார் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கொடியைப் பார்த்து எவ்வளவு குறைப்பது என்பதை ஓட்டுநரின் யோசனைக்கு விடாமல், எல்லாக் கார்களுக்கும் ஒரே நேரத்தில் வேகக் கட்டுப்பாடு. அது ஓட்டுநரை மட்டும் காப்பாற்றுகிற சட்டமில்லை. சேற்றில் நின்று கொக்கி மாட்டுகிறவனையும் சேர்த்துத்தான்.

நான் இந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று நீ நினைக்கலாம். தொங்கத்தான் செய்வேன். 1977 மார்ச் 5, கியாலாமி. நின்றுபோன ஒரு காரில் சின்னதாகத் தீ. எதிர்ப்பக்கம் நின்ற இரண்டு மார்ஷல்கள் அணைக்கிறதற்காகத் தடத்தின் குறுக்கே ஓடினார்கள். மேடு மறைத்ததால் பின்னால் வந்த டாம் பிரைஸுக்கு அவர்கள் தெரியவில்லை. 19 வயதுப் பையன் யான்சன் ஃபான் ஃபியூரன் அடிபட்டு அங்கேயே இறந்தான். அவன் கையிலிருந்த தீயணைப்பு உருளை பிரைஸின் தலையில் மோதி அவரும் இறந்தார். 2000-ல் மான்சாவில் பாவ்லோ ஜிஸ்லிம்பெர்தி, 2001-ல் மெல்போர்னில் கிரஹாம் பெவரிட்ஜ். இரண்டு பேருமே மார்ஷல்கள், இரண்டு பேருமே விபத்தில் கழன்று பறந்த சக்கரம் பட்டு இறந்தவர்கள். சக்கரத்தைக் காரோடு கட்டிவைக்கும் கயிறு அதற்கு முன்பே வந்துவிட்டது. இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அதை இன்னும் பலப்படுத்தினார்கள். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து ஓடி முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நாலைந்து பேர்தான். போட்டோவில் தேர் வரும், அவர்கள் வரமாட்டார்கள். மார்ஷல் அந்த ஜாதி.

நான் மெட்ராஸுக்கு வேலைக்குப் போன புதிதில், ஆபீஸ் நண்பர் ஒருவர் சோழவரத்துக்கு இழுத்துப்போனார். செங்குன்றம் தாண்டி, யுத்த காலத்து விமான ஓடுதளம். 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் அங்கே பந்தயம் நடத்தியது. வெயிலில் தார் பளபளக்கும், தூரத்துக் கார் காற்றில் நெளிந்து நெளிந்து வரும். வளைவில் வைக்கோல் கட்டு, அதற்குப் பின்னால் ஜனம். மல்லையா ஃபார்முலா ஒன் கார் ஒன்றை இறக்குமதி செய்து கொண்டுவந்து ஓட்டிய காலம் அது. கோயம்புத்தூர் கரிவரதன் ஓட்டுவதைப் பார்க்கவே தனிக் கூட்டம் வரும். பிற்பாடு அவர்தான் மாருதி 800 எஞ்ஜினை வைத்து ஒற்றை இருக்கைக் கார்களை உண்டாக்கினார். நம் பையன்கள் பலபேர் ஃபார்முலா பழகியது அதில்தான். 1995-ல் விமான விபத்தில் அவர் போனபோது எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பிறகு அங்கேயே மார்ஷலாக நின்றேன். எனக்குக் கிடைத்தது ஒரு விசில், இரண்டு கொடி, ஒரு துடைப்பம், ஒரு வாளி சிமென்ட் தூள். எண்ணெய் சிந்தினால் தூவிப் பெருக்க வேண்டும். வருகிற காருக்கு முதுகைக் காட்டக் கூடாது. அனுமதி இல்லாமல் தடத்தைக் கடக்கக் கூடாது. நெருப்பு என்றால் காற்றை முதுகில் வாங்கி நின்று அடியில் அடிக்க வேண்டும், மேலே ஆடுகிற ஜுவாலையில் அடித்தால் பிரயோஜனமில்லை. ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்தவனுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம், அதில் எனக்கு அங்கே கொஞ்சம் பேர் இருந்தது. ஆனால் எங்களை வதைத்தது நெருப்பில்லை, ஜனம். கடைசி சுற்று முடிவதற்குள் தடத்தில் இறங்கிவிடுவார்கள். விசில் ஊதி ஊதி வாயோரம் புண்ணாகும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்ததும் முதலில் நிம்மதிப்பட்டது நாங்கள்தான். அதற்கப்புறமும் தடத்துக்குள் நாய் வருவது மட்டும் போகவில்லை. 2011-ல் நொய்டா பக்கம் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில், முதல் பயிற்சியையே ஒரு நாய் நிறுத்தியது. டிவியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். மணிக்கு 250-ல் வருகிற திறந்த சக்கரத்தில் ஒரு நாய் அடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓட்டுநரின் தலையைச் சுற்றி வரும் பாதுகாப்பு வளையமான ஹேலோவைப் பற்றி மூன்று பத்தி எழுதியிருக்கிறாய், சரிதான். ஓட்டுநர் குரோஜான் முதலில் அதை எதிர்த்தவர் என்பதையும் விடவில்லை. 2020 நவம்பர் 29, பஹ்ரைன். கார் தடுப்பைக் கிழித்து உள்ளே போய் இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. அரை நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக அவர் நெருப்புக்குள் இருந்தார். தலையைக் காப்பாற்றியது ஹேலோ, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் சுற்றில் எல்லாக் கார்களுக்கும் பின்னால் மருத்துவக் காரும் ஓடி வருமே, அந்த ஏற்பாடு இல்லாவிட்டால்? டாக்டர் இயன் ராபர்ட்ஸ் நெருப்புப் பக்கத்தில் போய் நின்று, காரிலிருந்து தானே ஏறி வந்தவரைத் தடுப்பைத் தாண்டி வர உதவினார். ஒரு தீயணைப்பு ஆள் உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதற்குப் பக்கத்தில் 1973 ஜூலை 29-ஐ வைத்துப் பார். சாண்ட்வூர்ட். ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து எரிகிறது. டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்து, தனி ஆளாக அதைத் திருப்பப் பார்க்கிறார். மார்ஷல்களுக்கு நெருப்பு தாங்கும் உடுப்பு இல்லை, கிட்டே போக முடியவில்லை. பந்தயமும் நிற்கவில்லை. பர்லிக்கு ஜார்ஜ் மெடல் கொடுத்தார்கள், வில்லியம்சன் போனார் போனதுதான். அந்த மார்ஷல்களைக் கோழைகள் என்று அப்போது சிலர் எழுதினார்கள். அந்த உடுப்பு வாங்கித் தராதவர்களைப் பற்றி எவ்வளவு எழுதினார்கள்? இரண்டு தீக்கும் நடுவே 47 வருஷம் இருக்கிறது. நீ எழுத வேண்டிய கட்டுரை அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

இனி சந்தோஷமான விஷயம். பெல்ட் கட்டுகிற பகுதி. மெக்கானிக் ஒரு முழங்காலைக் காரின் பக்கவாட்டில் ஊன்றிக்கொண்டு, தோள்வாரை இரண்டு கையாலும் இழுக்கிறான். ஓட்டப்போகிற பையன் மூச்சை வெளியே விடுகிறான், மெக்கானிக் இன்னும் ஒரு இழுப்பு இழுக்கிறான். பிறகு கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியின் வாரை ஹெல்மெட்டில் மாட்டி, இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை சுண்டிப் பார்க்கிறான். ஹெல்மெட்டில் ரெண்டு தட்டு. அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய், ஒரு உவமை கிடையாது. மக்களே, தமிழில் பந்தயக் கார் பற்றி இப்படி ஒரு பத்தியை நான் வாசித்ததே இல்லை. அந்த மெக்கானிக்கின் விரல் நகத்தில் கிரீஸ் இருந்ததைக் கூட நீ பார்த்திருக்கிறாய். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எதற்கு எமன், பலிபீடம் எல்லாம்?

கடைசிப் பத்தியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில், குமார் இறந்த அதே தடத்தில், பைக் பந்தயத்தில் விழுந்து ஒரு சிறுவன் இறந்தான். வயது 13. நீ அவனை 'பிடித்ததைச் செய்துகொண்டே வீர மரணம் எய்தியவன்' என்கிறாய். 13 வயசுப் பிள்ளைக்கு என்ன வீர மரணம்? அந்த வயதில் எந்த வண்டியில், எத்தனை பேரோடு ஓட விடலாம், விழுந்தவன் மேல் பின்னால் வருகிறவன் ஏறாமலிருக்க என்ன ஏற்பாடு என்று பெரியவர்களைப் பார்த்துக் கேட்க வேண்டிய இடம் அது. நீ மாலை போட்டு முடித்துவிட்டாய்.

அடுத்த பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டைக்குப் போ. பத்திரிகைக்காரர்கள் இருக்கிற ஏசி அறையில் உட்காராதே. காலையில் மார்ஷல்களைக் கூட்டிவைத்துப் பேசுவார்கள், அனுமதி கேட்டு ஓரமாக நின்று கேள். பிறகு ஏதாவது ஒரு வளைவில், அவர்கள் நிற்கச் சொல்கிற இடத்தில், சாயந்திரம் வரை நில். சாப்பாட்டுப் பொட்டலம் எத்தனை மணிக்கு வந்தது, நிழல் இருந்ததா, தண்ணீர் இருந்ததா, யாருக்கு எந்தக் கொடி, தீயணைப்பு உருளையில் கடைசியாக எப்போது நிரப்பினார்கள் என்று சீட்டு ஒட்டியிருக்கிறதா, எல்லாம் பார். ஆம்புலன்ஸ் எந்த முகமாக நிற்கிறது என்று பார்க்க மறக்காதே. தொப்பி எடுத்துக்கொள், அங்கே வெயில் நம் வடசேரி வெயில் மாதிரி இல்லை.

வந்ததும் குமார் பகுதியை மட்டும் திருப்பி எழுதி எனக்கு அனுப்பு. உரசல், வேலி, சிவப்புக் கொடி, மருத்துவ மையம் என்று நடந்த வரிசையில் வரட்டும், அங்கே நின்றவர்கள் வரட்டும். அது சரியாக வந்தால் நானே ஆசிரியருக்குப் போன் செய்து பேசுகிறேன். சென்னாவை அதுவரை தொடாதே.

அன்புடன்,
மாமா