எண்ணியபின் இடுக புள்ளி

முப்பது ஆண்டுகாலம் உயர்நிலைப் பள்ளியில் இரசாயனம் போதித்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: மாணவனைப் பயமுறுத்துவது இரசாயன சாஸ்திரம் அன்று; காரணம் சொல்லாமல் அவன் தலையில் ஏற்றப்படும் குறியீடுகளே.

சோடியத்துக்கு 'எஸ்' என்றும் பொட்டாசியத்துக்கு 'பி' என்றும் எழுதி, சாப்பாட்டு உப்பில் கந்தகத்தைக் கலந்துவிடும் பிள்ளைகளை, "நூறு தடவை எழுதி வா" என்று தண்டித்தே என் ஆரம்ப வருஷங்கள் கழிந்தன. தண்டனை பலிக்கவில்லை, கதை பலித்தது. டால்டன் வகுத்த வட்டச் சின்னங்களுக்குப் பதிலாக, 1813-ஆம் ஆண்டையொட்டி, ஸ்வீடன் தேசத்து பெர்சீலியஸ் லத்தீன் பெயர்களின் எழுத்துக்களையே குறியீடாக்கினார் என்பதையும், நேட்ரியம் என்பதால் சோடியம் 'என்-ஏ' ஆயிற்று, காலியம் என்பதால் பொட்டாசியம் 'கே' ஆயிற்று, 'நீர்வெள்ளி' எனப் பொருள்படும் ஹைட்ரார்ஜிரம் என்பதால் பாதரசம் 'எச்-ஜி' ஆயிற்று என்பதையும் சொன்ன பிறகு, உடைந்த வெப்பமானியிலிருந்து உருண்டோடும் பாதரசத்தை ஒருமுறை பார்த்திருந்த எந்தப் பையனும் அக்குறியீட்டை மறந்ததில்லை.

அடுத்தது புள்ளிப் படம். 1916-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் வெளியிட்ட முறை இது. அணுவின் வெளிக்கூட்டு எலெக்ட்ரான்களை மட்டுமே புள்ளிகளாகக் குறியீட்டைச் சுற்றி இட வேண்டும்; சோடியத்துக்கு 1, கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கு 5, ஆக்சிஜனுக்கு 6, குளோரினுக்கு 7, நியானுக்கு 8. முதலில் நான்கு புறமும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, மிஞ்சியவற்றையே ஜோடி சேர்க்க வேண்டும். அவ்விதம் வைத்தால் நைட்ரஜனிடம் மூன்று புள்ளிகள் தனித்து நிற்பதும், அம்மோனியாவில் அது மூன்று ஹைட்ரஜன்களோடு இணைவதன் காரணமும் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

இதைப் போதித்த நானே ஒருநாள் சறுக்கினேன். கார்பன் டை ஆக்சைடு வரைகையில், ஒவ்வோர் அணுவையும் சுற்றி எட்டுப் புள்ளி அமைந்துவிட்ட திருப்தியில் கரும்பலகையை விட்டு விலகியபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "நாலு புள்ளி அதிகமா இருக்கு, சார்" என்றான். எண்ணினேன், இருபது! கார்பனின் நான்கும், ஆக்சிஜன் இரண்டின் பன்னிரண்டும் சேர்ந்தால் பதினாறுதானே? அணுக்களுக்கிடையே ஒற்றை ஜோடி வைத்தது என் பிழை. இருபுறமும் இரண்டிரண்டு ஜோடி வைத்ததும் கணக்கு நேரானது.

மறுநாள் முதல் ஒரு டப்பா புளியங்கொட்டையோடு வகுப்புக்குப் போனேன். மொத்த எலெக்ட்ரான்களின் அளவுக்குக் கொட்டைகளை முதலிலேயே எண்ணிக் கையில் கொடுத்துவிட்டால், இல்லாத புள்ளியை வைக்க யாராலும் முடியாது. இரசாயனம் போதிக்கும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே: குறியீட்டுக்குக் கதை சொல்லுங்கள், புள்ளியை எண்ணிய பிறகே சாக்கட்டியைத் தொடுங்கள்.