நூற்பதிவு எண்களைச் செப்பனிடுதல்

நூலகத்தில் நாம் நூலின் பெயரைத் தேடுகிறோம். ஆனால் பட்டியலைத் தாங்கும் கணிப்பொறி பெயரைப் பெரிதும் நம்புவதில்லை, எண்ணையே நம்புகிறது. காரணம் உண்டு. சிலப்பதிகாரத்தை ரோமன் எழுத்தில் பதியும்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையைப் பின்பற்றுவோர் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குவர். ஒலிப்படி எழுதுவோர் ‘எஸ்’ என்பதில் தொடங்குவர். தமிழெழுத்திலேயே பதிவோரும் உளர். பெயரால் மூன்றாகப் பிரிந்த ஒரே பதிப்பை ஒன்றுசேர்க்க வல்லது பதிவின் கட்டுப்பாட்டு எண்ணே அன்றோ?

இவ்வெண் இருக்கும் இடம் யாது? 1960களில் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் அம்மையார் உருவாக்கிய ‘மார்க்’ என்னும் பதிவமைப்பில், 001 ஆம் புலத்தில் எண்ணும், 003இல் அதை வழங்கிய நிறுவனத்தின் குறியீடும் நிற்கும். பதிவைப் பெறும் நூலகம் தன் எண்ணை 001இல் இடும்போது, பழைய எண் தன் குறியீட்டோடு 035 ஆம் புலத்திற்குச் செல்லவேண்டும். குறியீடற்ற எண், தெருப்பெயர் இல்லாத கதவிலக்கம் போன்றது.

1967இல் அமெரிக்காவின் ஒகையோவில் தோன்றிய ஓ.சி.எல்.சி. நிறுவனத்தின் எண்களைப் பாருங்கள். எட்டு இலக்கம் வரை ‘ஓசிஎம்’, ஒன்பதுக்கு ‘ஓசிஎன்’, அதற்கு மேல் ‘ஓஎன்’ என்ற முன்னெழுத்துகள் சேரும். எட்டுக்குக் குறைந்தால் முன்னே பூச்சியங்கள் நிரப்பப்படும். ஆகவே 12345 என்பதே ‘ஓசிஎம்00012345’ என்றும் நிற்கும். நமக்கு இரண்டும் ஒன்று, பொறிக்கோ வெவ்வேறு. விளைவு, ஒரே நூலுக்கு இரு பதிவுகள்.

ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கையால் திருத்த இயலாது. டெரி ரீஸ் ஆக்கிய ‘மார்க்எடிட்’ போன்ற மென்பொருள், ஒரு விதியைச் சொன்னால் எல்லாப் பதிவுகளையும் ஒருங்கே திருத்தும். அபாயமும் அங்கேதான். “எழுத்துகளையும் பூச்சியங்களையும் நீக்கு” என்று கட்டளையிட்டால் 10203 என்பது 123 ஆகிவிடும். அது வேறொரு நூலின் எண்! “தொடக்கத்தில் நிற்பவற்றை மட்டும்” என்ற நிபந்தனை இன்றியமையாதது.

எனவே முறை இது:

1. மூலத்தைத் தொடாமல் படியெடுத்து வைக்க.
2. அந்நிறுவனக் குறியீடு உள்ள எண்களை மட்டும் பிரித்தெடுக்க. வேறு நிறுவனங்களின் எண்ணில் முதற்பூச்சியமும் எண்ணின் உறுப்பாக இருக்கலாம்.
3. இருபது பதிவுகளில் விதியைச் சோதித்து, கண்ணால் ஒப்பிடுக.
4. முன்னும் பின்னும் பதிவுகளின் தொகையை எண்ணுக.
5. திருத்தியபின் ஒரே எண் இருமுறை வந்தால், பொறியைக் கொண்டு அழிக்காமல் மனிதர் பார்க்க ஒதுக்குக.
6. செல்லாத பழைய எண்ணை எறியாமல், 035இல் அதற்கென்றே உள்ள ‘இசட்’ உட்புலத்தில் வைக்க.

ஆய்வுக்கூடத்தில் தராசைச் சரிபார்த்த பின்னரே நிறுக்கிறோம். இங்கும் அதுவே நெறி.

கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கவேண்டும் என்பது. தமிழகத்துக்கு வெளியே பயிலும் நமக்கு அவ்விதியின் அருமை நன்கு விளங்கும். எண் கெட்ட தமிழ்நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததாகிவிடும். தமிழைப் படிக்கவும், கணிப்பொறிக்கு விதி எழுதவும் தெரிந்த மாணவர் நம்மிடையே பலர் உளர். நூலகரை அணுகி, இப்பணிக்கு ஓய்வுநேரத்தில் சிறிது ஈதல் நம் கடன்.