பழுது நீங்கிய பின்னர் செய்ய வேண்டியவை

கணிப்பொறி பழுதடைகிறது, பொறியாளர் வருகிறார், குறை களையப்படுகிறது, இயந்திரம் மீண்டும் இயங்குகிறது. அத்துடன் பணி முடிந்துவிட்டதாகவே பல அலுவலகங்களில் கருதப்படுகிறது. உண்மையில் சரிபார்த்தல், தடுத்தல், பதிவு செய்தல் என்னும் மூன்று படிகள் அதற்குப் பின்னரும் எஞ்சியுள்ளன. இவற்றின் இன்றியமையாமையை உணர, இந்தியாவுக்கு முதல் மின்னணு இலக்கக் கணிப்பொறி வந்து சேர்ந்த கொல்கத்தாவை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

கொல்கத்தாவின் வடபுறத்தில் பாராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு, பிரிட்டனில் தயாரான எச்.இ.சி.-2எம் என்னும் அந்தக் கணிப்பொறி 1955-ஆம் ஆண்டில் வந்தது. அது வால்வுகளால் இயங்கியது. பின்னர் சோவியத் நாட்டின் யூரால் கணிப்பொறி வந்தது. 1966-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இந்நிறுவனமே ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்னும் கணிப்பொறியை உருவாக்கியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவுச் சட்டகத்தை வகுத்த பேராசிரியர் மகலனோபிஸ் தோற்றுவித்த நிறுவனம் அது. அத்தகைய இடத்தில் நின்றுபோன இயந்திரத்தைவிட, பிழையாக இயங்கும் இயந்திரமே பெரிய ஆபத்து. முன்னது உடனே தெரிந்துவிடும். பின்னது தரும் தவறான எண், எவரும் அறியாமல் திட்டத்துக்குள் நுழைந்துவிடும்.

சரிபார்த்தல்

ஆகவே, விடை முன்னரே தெரிந்த கணக்கு ஒன்றை இயந்திரத்திடம் கொடுத்துப் பார்ப்பது முதற்படி. பழுதடைந்த பகுதியை மட்டும் சோதித்தல் போதாது. ஒரு குறையைக் களையும்போது வேறொரு குறை புகுந்துவிடக்கூடும். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் கணிப்பொறியில் வட்டு மாற்றப்பட்டதாகக் கொள்வோம். கடந்த மாதப் பட்டியலின் மொத்தத் தொகை பழைய அச்சுப் பிரதியுடன் ஒத்திருக்கிறதா? அச்சுப்பொறியும் வலையமைப்பும் இயங்குகின்றனவா? இவற்றைப் பொறியாளர் மட்டுமன்றி, அன்றாடம் அதில் பணிபுரியும் ஊழியரும் தம் கையால் இயக்கிப் பார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும்.

ஒரே மாதிரியைத் தனித்தனித் துணை மாதிரிகளாகப் பிரித்து, வெவ்வேறு குழுக்களைக் கொண்டு அளந்து, முடிவுகளை ஒப்பிடும் முறையை மகலனோபிஸ் தம் ஆய்வுகளில் கையாண்டார். ஒருவர் செய்ததை மற்றொருவர் தனியே சோதிக்க வேண்டும் என்னும் அக்கருத்து இங்கும் பொருந்தும்.

தடுத்தல்

அடுத்த வினா, பழுது ஏன் நேர்ந்தது என்பது. எரிந்துபோன பாகத்தை மாற்றுவது விளைவை நீக்குவது. மின்னழுத்த ஏற்றத்தாழ்வைச் சீராக்குவது காரணத்தை நீக்குவது. வால்வு இயந்திரங்களின் காலத்தில், மின்னழுத்தத்தை வேண்டுமென்றே சற்று மாற்றி இயக்கி, வலுவிழந்த வால்வுகளை முன்கூட்டியே கண்டறியும் வழக்கம் உலகின் பல கணிப்பு மையங்களில் இருந்தது. இன்றும் கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில், பருவமழை தொடங்குமுன் நில இணைப்பு, தடையில்லா மின்கருவியின் மின்கலம், குளிர்சாதனம் ஆகியவற்றைச் சோதிப்பது நலம். காப்புப் பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து தரவுகளை மீட்க இயலுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தடுப்புக்காகச் செய்யும் மாற்றங்களையும் சரிபார்த்த பின்னரே பணியை முடிக்க வேண்டும்.

பதிவு செய்தல்

இறுதிப் படியே பெரும்பாலும் கைவிடப்படுகிறது. பழுது தோன்றிய நாள், அதன் அறிகுறி, மேற்கொண்ட சோதனைகள், பயனளிக்காத முயற்சிகள், கண்டறிந்த காரணம், மாற்றிய பாகம், கிடைத்த பலன் ஆகியவை பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பயனளிக்காத முயற்சியையும் எழுதுவதால், அடுத்து வருபவரின் நேரம் மிச்சமாகிறது. ஆனால் கடவுச்சொற்களை அதில் எழுதலாகாது.

1978-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, நாடெங்கும் அது நிறுவியிருந்த கணிப்பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பு, அன்று அரசு நிறுவனமாக இருந்த சி.எம்.சி.யிடம் வந்தது. ஒருவர் நிறுவிய இயந்திரத்தை மற்றொருவர் பேண வேண்டிய நிலை அது. சிறிய அளவில் இந்நிலை ஒவ்வோர் அலுவலகத்திலும் நேர்கிறது: பொறியாளர் மாற்றலாகிச் செல்கிறார், அவருடைய அனுபவமும் அவருடனேயே சென்றுவிடுகிறது. எழுதி வைத்தது மட்டுமே அலுவலகத்தின் உடைமையாகிறது.

எனவே, பயன்படுத்துவோரின் ஒப்புதலும் பதிவேட்டுக் குறிப்பும் இன்றி எந்தப் பழுதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படலாகாது என்பதை ஒவ்வோர் அலுவலகமும் விதியாக ஏற்பது நன்று. இதற்கு ஆகும் நேரம் சிறிது. தவறான ஓர் எண்ணால் விளையும் இழப்போ பெரிது.